காப்ரிக் குன்றில் ஒரு பேரரசன்

இத்தாலி நாட்டின் மேலைக் கடற்கரையில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் தென்வாயிலில், காப்ரி என்னும் சிறு தீவு உள்ளது. நாற்புறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். கலங்கள் அணையத்தக்க கரை மிகக் குறைவு. அத்தீவின் கிழக்குக் கோடியில், கடல் மட்டத்திற்கு மேல் 334 மீட்டர் உயரத்தில், ஒரு குன்று நிற்கிறது. டைபீரியஸ் மலை என்பதே இன்றும் அதன் பெயர். ஊர்ச் சதுக்கத்தில் புறப்பட்டு, வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஒடுங்கிச் செல்லும் மேட்டுப் பாதையில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்தால் அக்குன்றின் உச்சியை அடையலாம். அங்கே பரந்து கிடக்கும் இடிபாடுகளை ஜோவிஸ் மாளிகை, அதாவது ஜூப்பிட்டர் தேவனின் மாளிகை, என்பர்.

அரண்மனை என்னும் சொல் எழுப்பும் எதிர்பார்ப்போடு செல்பவருக்கு அங்கே ஏமாற்றமே மிஞ்சும். பளிங்குத் தளங்கள் முன்னரே பெயர்த்துச் செல்லப்பட்டுவிட்டன. செங்கற் சுவர்களும் கவிந்த கூரைகளும் படிக்கட்டுகளுமே எஞ்சியுள்ளன. 1932 முதல் 1935 வரை அமெதேயோ மையூரி என்னும் தொல்லியல் அறிஞர் அக்குன்றை முறையாக அகழ்ந்தபோது மாளிகையின் அமைப்பு தெளிவாயிற்று. ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர் பரப்பில், குன்றின் சரிவை ஒட்டிப் பல தளங்களாக அது எழுந்திருந்தது. தெற்கே நீராடு கூடங்கள். மேற்கே பணியாளர் அறைகள். கிழக்கே கடலை நோக்கிய அரைவட்ட மண்டபம். வடக்கே பேரரசன் தனித்து வாழ்ந்த பகுதி. இவற்றிற்கெல்லாம் நடுவே, மாளிகையின் வயிறு போல், மிகப் பெரிய நீர்த்தொட்டிகள் அமைந்துள்ளன. ஊற்றில்லாத அவ்வுச்சியில் வானம் தந்த நீரன்றி வேறு நீர் இல்லை. ஒவ்வொரு மழைத்துளியையும் சேர்த்து வைத்துத்தான் அங்கு வாழ இயலும்.

இந்தக் குன்றிலிருந்துதான், கி.பி. 27 முதல் 37 வரை, உரோமப் பேரரசு ஆளப்பட்டது. உலகின் தலைநகரைத் துறந்து, தண்ணீர் கூட இல்லாத இப்பாறையின்மேல் ஒருவன் ஏன் வந்து அமர்ந்தான்? தன் இழிசெயல்களை மறைப்பதற்காக என்று அவனுக்குப் பின் வந்த நூலாசிரியர் சிலர் விடை கூறினர். மாளிகைக்கு அருகே கடலை நோக்கி விழும் ஒரு செங்குத்துப் பாறையைக் காட்டி, பகைவரை அவன் அங்கிருந்து தள்ளிக் கொன்றான் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆயினும் டைபீரியசின் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால், அவ்விடை போதாது என்பது விளங்கும்.

அலைச்சலில் தொடங்கிய வாழ்வு

டைபீரியஸ் கி.மு. 42ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் உரோம் நகரில் பிறந்தான். தந்தை டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ; தாய் லிவியா. இருவரும் பழம்பெருமை வாய்ந்த கிளாடியர் குடியினர். ஜூலியஸ் சீசர் கொலையுண்ட பின் நாடு உள்நாட்டுப் போரில் சிதறிக் கிடந்த காலம் அது. தந்தை தோற்ற பக்கத்தைச் சார்ந்திருந்தமையால், குடும்பம் உயிர் பிழைக்க ஓட வேண்டியதாயிற்று. கைக்குழந்தையான டைபீரியஸ் சிசிலிக்கும் கிரேக்க நாட்டிற்கும் தூக்கிச் செல்லப்பட்டான். ஸ்பார்ட்டாவை விட்டு இரவில் தப்பும்போது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது என்றும், லிவியாவின் கூந்தலும் ஆடையும் கருகின என்றும் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

யாருக்கு அஞ்சி அக்குடும்பம் ஓடியதோ, அந்த ஆக்டேவியனே பிற்காலத்தில் அகஸ்டஸ் என்னும் பெயருடன் உரோமின் முதற் பேரரசன் ஆனான். பொதுமன்னிப்புப் பெற்றுக் குடும்பம் திரும்பியபின், ஆக்டேவியன் லிவியாவின்மீது காதல் கொண்டான். அவள் அப்போது கருவுற்றிருந்தாள். அவளைக் கணவன் விலக்கிக் கொடுக்க, கி.மு. 38இல் மணம் முடிந்தது. டைபீரியசுக்கு அப்போது வயது மூன்று. பின்னர்ப் பிறந்த தம்பி டுரூசசும் அவனும் தந்தையின் இல்லத்தில் வளர்ந்தனர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தபோது, மன்றத்தில் நின்று இரங்கலுரை ஆற்றியவன் அச்சிறுவனே. அதன்பின் மாற்றாந்தந்தையின் இல்லம் அவன் இல்லமாயிற்று. அங்கு அவனுக்கு இடம் இருந்தது. உரிமை இருந்ததா என்பது பல ஆண்டுகள் விடை கிடைக்காத வினாவாகவே நின்றது.

வாகையும் பிரிவும்

வளர்ந்தபின் டைபீரியஸ் தன் காலத்தின் தலைசிறந்த படைத்தலைவர்களுள் ஒருவனானான். கி.மு. 53இல் கிராசஸ் பார்த்தியரிடம் தோற்றபோது இழந்த படைக்கொடிகளை, கி.மு. 20இல் போரின்றியே மீட்ட நிகழ்ச்சியில் அவனுக்குப் பங்குண்டு. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் டான்யூப் ஆற்றங்கரையிலும் அவன் நடத்திய போர்கள் பேரரசின் வட எல்லையை உறுதிப்படுத்தின. வீரர்களின் உயிரை வீணாக்காத தலைவன் என்னும் பெயர் அவனுக்கு இருந்தது. அவன்கீழ்ப் பணியாற்றிய வெல்லியஸ் என்பவர் தம் நூலில் அதனை மனமுவந்து போற்றியுள்ளார்.

இல்வாழ்விலும் அவன் நிறைவு கண்டிருந்தான். அகஸ்டசின் வலக்கரமாக விளங்கிய அக்ரிப்பாவின் மகள் விப்சானியாவே அவன் மனைவி. தன் தம்பியின் பெயரையே மகனுக்கு இட்டு அவன் மகிழ்ந்திருந்தான். கி.மு. 12இல் அக்ரிப்பா இறந்தான். அக்ரிப்பாவின் மனைவியும் அகஸ்டசின் ஒரே மகளுமான ஜூலியா கைம்பெண் ஆனாள். அவளுக்குத் தக்க கணவன் வேண்டும். அரச மரபிற்குக் காவல் வேண்டும். அகஸ்டசின் பார்வை டைபீரியசின்மேல் விழுந்தது. மீண்டும் கருவுற்றிருந்த விப்சானியாவை விலக்கிவிட்டு, கி.மு. 11இல் ஜூலியாவை அவன் மணக்க நேர்ந்தது. கருவுற்ற நிலையில் தாய் பெற்ற அதே பிரிவை, மனைவிக்குத் தானே அளிக்க வேண்டியவனானான்.

அதன்பின் ஒரே ஒரு முறை வழியில் விப்சானியாவைக் கண்டான். கண்ணீர் மல்க, அவள் மறையும்வரை பார்த்து நின்றான். இனி அவள் அவன் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ளும்படி ஆணை பிறந்தது. இச்செய்தியைக் கூறுபவரும் அவனைப் பல பழிகளால் தூற்றிய அதே சூட்டோனியஸ்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கி.மு. 9இல் தம்பி டுரூசஸ் ஜெர்மானியப் போர்முனையில் குதிரையிலிருந்து வீழ்ந்து நோயுற்றான். செய்தி கேட்ட டைபீரியஸ் இரவும் பகலும் குதிரைகளை மாற்றி மாற்றி விரைந்தான். அவனால் தம்பியின் இறுதி மூச்சைத்தான் காண முடிந்தது. உடலை உரோமுக்குக் கொண்டுவந்தபோது, வழி நெடுகிலும் அவன் ஊர்தி ஏறாமல் நடந்தே வந்தான்.

ரோட்ஸ் தீவில் மாணவன்

கி.மு. 6ஆம் ஆண்டில் டைபீரியசின் புகழ் உச்சியில் இருந்தது. மக்கட் காவலருக்குரிய அதிகாரம் ஐந்தாண்டுகளுக்கு அவனுக்கு வழங்கப்பட்டது. அவ்வேளையில் அவன், பணிகள் அனைத்தையும் விட்டு ரோட்ஸ் தீவுக்குச் செல்ல விடை கேட்டான். அகஸ்டஸ் மறுக்கவே, நான்கு நாள் உண்ணாதிருந்து விடை பெற்றான். ஜூலியாவுடன் மனம் ஒவ்வாமை ஒரு காரணம் எனலாம். ஜூலியாவின் புதல்வர்களான கையஸ், லூசியஸ் என்னும் சிறுவர்களை அகஸ்டஸ் தன் வழித்தோன்றல்களாக வளர்த்து வந்தது மற்றொரு காரணம். வளரும் வரை காவல் காக்கவும், வளர்ந்தபின் விலகி நிற்கவும் தான் வேண்டப்படுகிறான் என்பதை அவன் உணர்ந்திருக்க வேண்டும்.

ரோட்ஸ் தீவு அக்காலத்தில் சொற்கலைக்கும் மெய்யியலுக்கும் பேர்பெற்ற இடம். அங்கு அவன் எளிய வீட்டில் வாழ்ந்து, ஆசிரியர்களின் சொற்பொழிவுகளைக் கேட்டான். டயோஜினிஸ் என்னும் இலக்கண ஆசிரியர் ஏழு நாளுக்கு ஒரு முறையே பாடம் சொல்பவர். வேறொரு நாளில் வந்த டைபீரியசை உள்ளே விடாமல், ஏழாம் நாள் வருமாறு அடிமையிடம் சொல்லி அனுப்பினார். பல்லாண்டு கழித்து அவன் பேரரசனானபின், அவ்வாசிரியர் உரோமுக்கு வந்து வாயிலில் காத்து நின்றார். ஏழாண்டு கழித்து வருமாறு அவருக்கு விடை வந்தது. தண்டனை ஒன்றும் இல்லை. கணக்கு மட்டும் நேர் செய்யப்பட்டது.

கி.மு. 2இல், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டு ஜூலியாவைத் தந்தையே ஒரு சிறு தீவிற்கு நாடு கடத்தினான். அவளுக்கு இரக்கம் காட்டுமாறு டைபீரியஸ் ரோட்சிலிருந்து மடல்கள் எழுதினான். ஆனால் அவன் முடிசூடியபின் அவள் நிலை மேலும் கொடிதாயிற்று. அவ்வாண்டே அவள் இறந்தாள். அவன் வாழ்வில் அருளும் கடுமையும் இவ்வாறே அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவனை எடைபோட இயலாது.

வேண்டாத முடி

கி.பி. 2இல் அவன் உரோமுக்குத் திரும்ப இசைவு கிடைத்தது. அதே ஆண்டில் லூசியசும், கி.பி. 4இல் கையசும் இறந்தனர். வேறு வழியின்றி அகஸ்டஸ் டைபீரியசைத் தன் மகனாகத் தத்தெடுத்தான். அதற்கு முன்னரே, டைபீரியஸ் தன் தம்பி மகன் ஜெர்மானிக்கசைத் தத்தெடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தான். சொந்த மகன் இருக்க, அடுத்த அரியணையும் அவன் விருப்பத்தில் இல்லை என்பதே இதன் பொருள். கி.பி. 9இல் வாரஸ் என்னும் தளபதி ஜெர்மானியக் காட்டில் மூன்று படைப்பிரிவுகளை இழந்தபோது, ரைன் எல்லையைக் காக்க அனுப்பப்பட்டவன் டைபீரியசே.

கி.பி. 14ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் அகஸ்டஸ் மறைந்தான். டைபீரியசுக்கு அப்போது 54 வயது. செனட் அவை ஆட்சியை ஏற்குமாறு வேண்டியபோது, அவன் தயங்கினான். பொறுப்பைப் பகிர்ந்தளிக்கலாம் என்றான். அது நடிப்பு என்று தாசிட்டஸ் கருதினார். ரோட்சுக்கு ஓடியவனின் தயக்கம் முற்றும் நடிப்பாக இருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவன் ஆட்சியின் முற்பகுதி பகைவராலும் குறைகூற இயலாத ஆட்சி. நாட்டின் தந்தை என்னும் பட்டத்தை அவன் ஏற்கவில்லை. தன்னைப் பழித்துப் பேசியோரைத் தண்டிக்க மறுத்தான். விதித்ததற்கு மேல் வரி தண்டி அனுப்பிய எகிப்திய ஆளுநரைக் கடிந்துகொண்டான். கி.பி. 17இல் சிறிய ஆசியாவில் நிலநடுக்கத்தால் பன்னிரண்டு நகரங்கள் அழிந்தபோது, சார்டிஸ் நகருக்கு மட்டும் ஒரு கோடி செஸ்டர்ஸ் நாணயங்களும் ஐந்தாண்டு வரிவிலக்கும் அளித்தான். கி.பி. 33இல் உரோமில் கடன் நெருக்கடி தோன்றி நிலவிலை வீழ்ந்தபோது, பத்துக் கோடி செஸ்டர்சை மூன்றாண்டுகளுக்கு வட்டியில்லாக் கடனாக வழங்கி நிலைமையைச் சீர்செய்தான். விழாக்களிலும் கட்டடங்களிலும் பொருளை இறைக்கவில்லை. மக்களுக்கு அவன்மேல் அன்பு பிறவாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மொழியின்பால் அவன் கொண்டிருந்த நுண்ணுணர்வு தனியே குறிப்பிடத்தக்கது. கிரேக்கத்தைத் தாய்மொழி போல் பேச வல்லவன் அவன். எனினும் செனட் அவையில் இலத்தீனையே பேணினான். தனியுரிமை வணிகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒரு முறை பயன்படுத்த நேர்ந்தபோது, அவையோரிடம் பொறுத்தருளக் கேட்டான். அவைத் தீர்மானம் ஒன்றில் கிரேக்கச் சொல் இருக்கக் கண்டு, அதற்கு நேரான இலத்தீன் சொல்லைத் தேடி இடுமாறும், கிடைக்காவிடில் பல சொற்களால் விரித்து எழுதுமாறும் பணித்தான். ஒரு பேரரசின் தலைவன் ஒரு சொல்லுக்காக நின்று வாதிட்டான் என்பது மொழியன்பர்களுக்கு வியப்பும் உவப்பும் தரும் செய்தியாகும்.

எரிந்த நூலும் மறுத்த கோயிலும்

இத்தகையவன் ஆட்சியில்தான் ஒரு வரலாற்று நூல் எரிக்கப்பட்டது. கி.பி. 19இல் மக்கள் பேரன்பு கொண்டிருந்த ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தான். நஞ்சிட்டதாக ஐயம் எழுந்து, பழியின் நிழல் பேரரசன்மேலும் விழுந்தது. கி.பி. 23இல் டைபீரியசின் ஒரே மகன் டுரூசசும் மாண்டான். முதுமையில் தனித்து நின்றவனுக்குத் துணையாக நெருங்கினான் செஜானஸ் என்னும் மெய்க்காவற்படைத் தலைவன். நகரெங்கும் சிதறியிருந்த காவற்படையை ஒரே பாசறையில் திரட்டித் தன் கைக்குள் வைத்துக்கொண்ட அவன், பேரரசனின் அச்சங்களுக்கு நீர் வார்த்தான். அரசநிந்தைச் சட்டம் கூர்மை பெற்றது. பிறர்மேல் குற்றஞ்சாட்டி அவர் உடைமையில் பங்கு பெறுவோர் பெருகினர்.

கி.பி. 25இல் கிரெமூட்டியஸ் கோர்டஸ் என்னும் முதிய வரலாற்றாசிரியர் அவைமுன் நிறுத்தப்பட்டார். சீசரைக் கொன்ற புரூட்டசையும் காசியசையும் தம் நூலில் புகழ்ந்தார் என்பதே குற்றம். அகஸ்டசே அந்நூலைப் படிக்கக் கேட்டு ஒன்றும் சொல்லாதிருந்தான். டைபீரியசோ கடுமுகத்துடன் அமர்ந்து அவர் வாதத்தைக் கேட்டான். தீர்ப்பைக் காத்திராமல் கோர்டஸ் வீடு திரும்பி, உணவு மறுத்து உயிர் நீத்தார். நூல்களைத் தேடி எரிக்க ஆணை பிறந்தது. ஆனால் அவர் மகள் மார்சியா படிகளை மறைத்துக் காத்தாள். அடுத்த பேரரசன் காலத்தில் அந்நூல் மீண்டும் வெளிவந்தது.

அதே கி.பி. 25ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஸ்பெயின் நாட்டுத் தூதர் வந்து, டைபீரியசுக்குக் கோயில் எழுப்ப இசைவு வேண்டினர். அவன் மறுத்தான். தான் மனிதனே என்றும், பின்வருவோர் நெஞ்சில் நல்ல நினைவாக நின்றால் அதுவே தனக்குக் கோயில் என்றும் அவன் கருத்துத் தெரிவித்தான். பிற்காலத்தார் நெஞ்சில் வாழ விரும்பியவன், பிற்காலத்தாருக்கு எழுதுபவரின் நூலை எரிக்க விட்டான். அவன் வாழ்வின் பெருமுரண் இதுவே. பின்வந்த தாசிட்டஸ் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து எழுதினார். டைபீரியசின் நினைவு எந்நிறத்தில் நிலைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவை கற்கள் அல்ல, அவ்வேடுகளே.

பாறை சரிந்த விருந்து

கி.பி. 26இல் டைபீரியஸ் உரோமை விட்டுத் தெற்கே புறப்பட்டான். உரோமுக்கும் நேப்பிள்சுக்கும் இடையே ஸ்பெர்லாங்கா என்னும் கடலோர இடத்தில் அவனுக்கு ஒரு மாளிகை இருந்தது. கடலை நோக்கித் திறந்த இயற்கைக் குகை ஒன்று அங்கு விருந்து மண்டபமாக்கப்பட்டிருந்தது. குகையின் முன்னே மீன் வளர்க்கும் குளம். குளத்தின் நடுவே விருந்தினர் அமர ஒரு திட்டு. அங்கு உணவருந்துகையில் குகைவாயிற் பாறைகள் திடீரெனச் சரிந்தன. பணியாளர் சிலர் நசுங்கினர், மற்றவர் ஓடினர். செஜானஸ் மட்டும் பேரரசன்மேல் தன் உடலைக் கவித்து அவன் உயிரைக் காத்தான். அன்றுமுதல் அவன் சொல்லை டைபீரியஸ் ஐயுறவில்லை. அன்று காத்த உயிரைக் கொண்டே பிறர் உயிர்களைப் பறிக்கும் வாய்ப்பு செஜானசுக்குக் கிட்டியது.

1957இல் கடற்கரைச் சாலை அமைக்கும்போது அக்குகை ஆராயப்பட்டது. ஆயிரக்கணக்கான பளிங்குச் சிதறல்கள் வெளிப்பட்டன. அவற்றை உரோமுக்குக் கொண்டு செல்ல முயன்றபோது ஊர்மக்கள் வழிமறித்தனர். ஆகவே அவ்விடத்திலேயே 1963இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோது, கிரேக்கக் காப்பியத் தலைவன் ஒடிசியசின் கதைகள் உருப்பெற்றன. ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கும் காட்சி ஒன்று. சில்லா என்னும் கடற்பேய் கப்பலைத் தாக்கும் காட்சி மற்றொன்று. பின்னதில் மூன்று ரோட்ஸ் சிற்பிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இளமையில் கற்ற ரோட்சையும், வீடு திரும்ப முடியாமல் கடலில் அலைந்த ஒருவனின் கதையையும் விருந்தின்போது கண்முன் வைத்துக்கொள்ள இம்மாளிகையின் தலைவனுக்கு விருப்பம் இருந்தது போலும்.

குன்றின்மேல் பத்தாண்டுகள்

அடுத்த ஆண்டு அவன் காப்ரியை அடைந்தான். அகஸ்டஸ், இஸ்கியா என்னும் பெரிய தீவை நேப்பிள்ஸ் நகரத்தாருக்குக் கொடுத்து, ஈடாகப் பெற்ற தீவு அது. டைபீரியஸ் அங்கே பன்னிரு மாளிகைகளில் வாழ்ந்தான் என்பர். அவற்றுள் பெரியது ஜோவிஸ் மாளிகை. உடன் சென்றோர் சிலரே. நெர்வா என்னும் சட்ட அறிஞர், சோதிடரும் கல்விமானுமான திராசில்லஸ், கிரேக்கப் புலவர்கள் ஆகியோரைக் கொண்ட சிறு குழு அது. இலக்கண ஆசிரியர்களிடம் விடை காண இயலாத வினாக்களைக் கேட்பதில் அவனுக்கு மகிழ்ச்சி. ஹெகூபாவின் தாய் யார்? மாலுமிகளை மயக்கிய சைரன் மகளிர் பாடிய பாட்டு எது? காப்ரிக்கு எதிர்க்கரையை அடுத்துத்தான் சைரன்களின் பாறைகள் இருந்ததாக மரபுக் கதைகள் கூறும். உணவில் அவனுக்கு விருப்பமானது வெள்ளரிக்காய். வெயிலுக்கேற்ப நகர்த்துமாறு சக்கரம் வைத்த பாத்திகளில், குளிர்காலத்தில் ஒளிபுகும் கல்லால் மூடி, ஆண்டு முழுதும் அதனை விளைவித்தனர் என்று பிளினி எழுதியுள்ளார்.

பேரரசு அங்கிருந்து மடல்களால் ஆளப்பட்டது. ஆனால் மடல்களும் செய்திகளும் செஜானசைத் தாண்டியே வந்து போயின. கி.பி. 29இல் தாய் லிவியா இறந்தாள். மகன் ஈமச்சடங்கிற்கு வரவில்லை. ஜெர்மானிக்கசின் மனைவியும் மூத்த மைந்தர் இருவரும் சிறைப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். இறுதியில் செஜானசின் உட்கருத்து டைபீரியசுக்குத் தெரியவந்தது. கி.பி. 31ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், காப்ரியிலிருந்து வந்த நீண்ட மடல் ஒன்று செனட் அவையில் படிக்கப்பட்டது. உயர்பதவி கிட்டும் என்று நம்பி அமர்ந்திருந்த செஜானஸ், படித்து முடிக்கும்போது கைதியாக நின்றான், அன்றே கொல்லப்பட்டான். அவனுடைய இளஞ்சிறார்களும் தப்பவில்லை. அவன் முன்பு விலக்கிய மனைவி, டைபீரியசின் மகன் டுரூசஸ் நோயால் இறக்கவில்லை, செஜானசும் டுரூசசின் மனைவியுமே நஞ்சிட்டனர் என்று எழுதிவைத்துத் தன்னை மாய்த்துக்கொண்டாள். எவன் பாறைக்கடியில் தன் உயிரைக் காத்தானோ, அவனே தன் மகனைக் கொன்றவன் என்று கேள்விப்பட்ட தந்தையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அதற்குப் பிந்திய ஆண்டுகள் கொடியவை. விசாரணைகளும் தற்கொலைகளும் தொடர்ந்தன. நாள்தோறும் தான் படும் உள்ள வேதனையை அவனே செனட் அவைக்கு ஒரு மடலில் வெளியிட்டான். கி.பி. 33இல் நெர்வா, நோயோ வழக்கோ ஏதுமின்றி, உண்ணாதிருந்து சாகத் துணிந்தார். பேரரசன் அருகில் அமர்ந்து காரணம் கேட்டான், கெஞ்சினான். நண்பர் வாய் திறவாமலே உயிர் விட்டார். நாட்டின் நிலையைக் கண்டு பொறாமலே அவர் அவ்வாறு செய்தார் என்று அவரை அறிந்தோர் கூறினர். கோர்டசின் நூலை எரிக்கலாம். நெர்வாவின் மௌனத்தை எரிப்பது எப்படி?

இரு முறை அவன் உரோமுக்குத் திரும்ப முயன்றான். ஒரு முறை ஆற்றின் வழியே நகர்ப்புறத் தோட்டங்கள் வரை வந்தான். மறுமுறை ஏழாம் மைல்கல்லை அடைந்து, நகர மதில்களைப் பார்த்தபின் திரும்பினான். அவன் வளர்த்த பாம்பு எறும்புகளால் அரிக்கப்பட்டுக் கிடந்ததாம். பலர் சேர்ந்து தன்னை வீழ்த்துவர் என்பதற்கு அது நிமித்தம் என அஞ்சினானாம். கி.பி. 37ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், காப்ரிக்கு எதிர்க்கரையில் மிசேனம் என்னும் இடத்தில், தன் 77ஆம் வயதில் இறந்தான். அதற்குச் சில நாள் முன் காப்ரியின் கலங்கரை விளக்கம் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது. உரோம் மக்கள் அவன் மறைவைக் கொண்டாடினர். கருவூலத்திலோ அவன் சேர்த்து வைத்த 270 கோடி செஸ்டர்ஸ் இருந்தது. அடுத்து வந்த காலிகுலா அதனைக் குறுகிய காலத்தில் கரைத்தான்.

கொங்கு மண்ணில் ஒரு முகம்

டைபீரியசின் முகத்தைக் காண இத்தாலிக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி முதலிய கொங்கு நாட்டு இடங்களில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவருடையவையே மிகுதி. கறியும் மணிகளும் மெல்லிய துணியும் மேலை நாட்டிற்குச் செல்ல, பொன்னும் வெள்ளியும் இங்கு வந்தன. முசிறியில் யவனர் கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு மீண்டதை அகநானூறு பாடுகிறது. கி.பி. 22இல் டைபீரியஸ் செனட் அவைக்கு எழுதிய மடலில், மகளிர் அணியும் மணிக்கற்களுக்காக உரோமின் செல்வம் அயலார் கைக்குப் போவதைக் குறித்து வருந்தினான். ஆயினும் சட்டத்தால் அதனைத் தடுக்க இயலாது என்பதையும் அவன் அறிந்திருந்தான். பாலத்தீனத்தில் இயேசுநாதரிடம் வரியைப் பற்றி வினவியோர் காட்டிய காசும் அவனுடையதே என்று மரபாகக் கருதுவர். இயேசு சிலுவையில் அறையப்பட்டது அவன் ஆட்சிக் காலத்தில்தான்.

அக்காசின் ஒரு புறம் வாகைமாலை சூடிய டைபீரியசின் தலை. மறுபுறம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். அவள் லிவியா என்பது அறிஞர் பலர் கருத்து. கைக்குழந்தையாகத் தன்னைத் தூக்கிக்கொண்டு தீயினூடே ஓடியவளின் ஈமச்சடங்கிற்கு அவன் செல்லவில்லை. ஆனால் ஒரே காசின் இரு பக்கமாக, பிரிக்க இயலாதவாறு, தாயும் மகனும் கடல் கடந்து வந்து கொங்கு மண்ணில் புதைந்து கிடந்தனர்.

ஜோவிஸ் மாளிகையின் உச்சியில் இப்போது ஒரு சிறு மாதா கோயில் உள்ளது. அங்கு நிற்போருக்கு நேப்பிள்ஸ் வளைகுடா முழுதும், வெசூவியஸ் எரிமலையும், எதிரே மிசேன முனையும் தெரியும். ஓர் ஆட்சியாளன் எல்லாவற்றையும் பார்க்கத்தக்க இடம் அது. எவரும் அவனை எளிதில் நெருங்க முடியாத இடமும் அதுவே. நல்லவற்றை எடுத்துச் சொல்லும் நண்பரும், தவற்றைக் கண்டு எழுதும் புலவரும் அருகில் இல்லாதபோது, கற்றவனும் ஆற்றல் மிக்கவனும் ஆன ஒருவனுக்கு நேர்ந்ததை அவ்விடிபாடுகள் காட்டுகின்றன. பளிங்கு போயிற்று, கூரை போயிற்று. மழைநீரைத் தேக்கிய தொட்டிகள் மட்டும், தமக்கென ஊற்றில்லாத அம்மாளிகையின் நடுவே, வெறுமையாய்த் திறந்து கிடக்கின்றன.